முப்பத்தைந்தில் ஒரு பங்கு

என் மேசையில் ஒரு டாங்கி நிற்கிறது. குழலின் முனையிலிருந்து பின்பக்கம் வரை 28 சென்டிமீட்டர். ஒரு சாணும் நாலு விரக்கடையும். நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பெயர் விஜயந்தா. கடையில் வாங்கியது இல்லை. தயிர் டப்பா, பழைய அடையாள அட்டை, டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல், செப்புக் கம்பி, கசகசா, இவ்வளவுதான் அது.

ஒரு கூட்டத்துக்கு வந்த தோழர் ராத்திரி என் வீட்டில் தங்கினார். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "கொடியங்குளத்தையும் தாமிரபரணியையும் எழுதுற கை, ராத்திரி உக்காந்து அரசாங்கத்தோட டாங்கிக்குப் பெயின்ட் அடிக்குதா?" என்று கேட்டார். 1995இல் கொடியங்குளத்துக்குள் புகுந்ததும், 1999இல் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களைத் தண்ணீருக்குள் தள்ளியதும் சீருடைதான். சீருடையைப் பார்த்தால் நம்ம சனத்துக்கு முதலில் வருவது பயம், அப்புறம் கோபம். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு உறக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்க ஊர் வட்டக்கோட்டைக்குப் பக்கம். கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கடல் வந்து மோதுகிற இடத்தில் கருங்கல் மதில். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பும் மலையும். கீழேயிருந்து மதில் மேலே போகப் படி மட்டுமில்லை, அகலமான சரிவுப் பாதையும் உண்டு. பீரங்கியை இழுத்துக்கொண்டு போவதற்காகப் போட்டது. கல்லில் பாண்டியரின் மீன் சின்னம் இருக்கிறது. இப்போது தொல்லியல் துறை பராமரிக்கிறது.

இதைக் கட்டியவர் டிலனாய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். 1741இல் குளச்சல் சண்டையில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர். பிடிபட்டவர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகிவிட்டார். 1777இல் செத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவருக்குக் கல்லறை உண்டு. லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தோற்றவனுக்கும் கல்லறை இருக்கிறது, பேர் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. இந்தக் கல்லையெல்லாம் எந்த டச்சுக்காரன் தூக்கினான்? அந்தச் சரிவுப் பாதையில் பீரங்கியை இழுத்தது யார் தோள்? திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து அறிவிப்பு வந்ததே 1855இல்தான். கோட்டை எழும்பியது அதற்கு நூறு வருசம் முன்னால். எங்க பாட்டி கோட்டைப் பக்கம் போகும்போது மதிலைக் கையால் தொட்டுவிட்டுப் போவாள். "நம்ம ஆளுவ சுமந்த கல்லுடே" என்பாள். அவளுக்கு வருசமும் தெரியாது, டிலனாயும் தெரியாது.

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். 1968இல் சேர்ந்தவர். எங்க தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள். அப்பாவுக்கு வயல் வேலை. அம்மை நாற்று நடப் போவாள். சித்தப்பா வருசத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார். பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது கிரீஸ் வாசம். அதன் பிறகுதான் துணி, சோப்பு, எங்களுக்கு மிட்டாய்.

அவர் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர் இல்லை. இ.எம்.இ. என்று சொல்கிற, வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கிற படைப்பிரிவு. செகந்திராபாத்தில் பயிற்சி. அந்தப் பிரிவில் கடைசிப் படியில் இருக்கிற சிப்பாய்க்குச் சிப்பாய் என்று பேர் இல்லை. 'கிராஃப்ட்ஸ்மேன்' என்று பேர். கைவினைஞர் என்று அர்த்தம். சித்தப்பாவுக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும். பிறகு நாயக் ஆனார், ஹவில்தார் ஆனார். ஆனாலும் கேட்டால் "நான் கிராஃப்ட்ஸ்மேன்டே" என்பார். ஊரில் கைவினை என்றால் அது ஆசாரிமார் சொத்து. உளி, ரம்பம், உலை எல்லாம் பிறப்பிலேயே பங்கு பிரித்தாகிவிட்டது. நம்ம கைக்கு விட்டது மண்வெட்டியும் செத்த மாடும்தான். அப்படி ஒரு ஊரிலிருந்து போனவனை அரசாங்கக் காகிதத்தில் கைவினைஞன் என்று எழுதியிருந்தால் பிடிக்காமல் இருக்குமா?

சந்தியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். சித்தப்பா பட்டாளத்துச் சட்டையோடு போவார், பெஞ்சில் உட்காருவார், பெஞ்சு காலியாகும். "இடம் தாராளமா இருக்குடே" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக டீ குடிப்பார். வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டார்.

1984. நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் எரிமலை, காற்றாலை, கலங்கரை விளக்கம் என்று பேர் கொடுத்தார்கள். நான் டாங்கி என்றேன். சித்தப்பா அப்போது விடுப்பில் இருந்தார். சோப்பு அட்டையில் ஒரு பெட்டியைச் செய்து, மேலே மருந்து டப்பா மூடியை ஒட்டி, ஒரு குச்சியைச் சொருகி அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மக்களே?"

"டாங்கி."

"எந்த டாங்கி?"

எனக்குத் தெரியவில்லை. டாங்கி என்றால் டாங்கி. அவர் மணலில் உட்கார்ந்து குச்சியால் வரைய ஆரம்பித்தார். விஜயந்தா. ஆங்கிலேயக் கம்பெனியான விக்கர்ஸ் வடிவமைத்தது. 1965 கடைசியில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. நாலு பேர் போகிற வண்டி. எடை 40 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்துக்கு ஆறு சக்கரம். 105 மில்லிமீட்டர் பீரங்கி. ஓட்டுநர் முன்னால் வலது பக்கம்.

"எத்தன பங்கு சின்னதாச் செய்யப் போற?"

அதுவும் தெரியவில்லை. வெளிநாட்டில் 35இல் ஒரு பங்கு என்று செய்கிறார்கள் என்றார். ஏதோ ஒரு அதிகாரியின் வீட்டில் பார்த்திருக்கிறார். பிறகு கணக்குச் சொல்லித் தந்தார். அகலம் 3 மீட்டர் 17 சென்டிமீட்டர். 35ஆல் வகுத்தால் 9 சென்டிமீட்டர். பீரங்கியின் துவாரம் 105 மில்லிமீட்டர். 35ஆல் வகு.

"மூணு."

"மீதி?"

"மீதி இல்ல."

"அப்பம் மூணு மில்லி ஓட்டை உள்ள குழாயைத் தேடிக் கொண்டா, போ."

மிச்சமில்லாமல் வந்த அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் சந்தோசம். இரண்டு நாள் தேடினேன். பால்பாயின்ட் ரீஃபில் சின்னது. குடைக் கம்பி பெரியது. கடைசியில் எங்க வீட்டில் ஓடாமல் கிடந்த டிரான்சிஸ்டரின் ஏரியல் அகப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏறுகிற குழாய்கள். ஒன்று சரியாக இருந்தது. அதை உடைத்ததுக்கு அப்பாவிடம் அடி வாங்கினேன். அடிக்கிறவரைத் தடுக்காமல் சித்தப்பா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழலின் நடுவில் ஒரு வீக்கம் வேண்டும் என்றார். ஏன்? குண்டு சுட்டவுடன் குழலுக்குள் நச்சுப்புகை நிற்கும். வாயைத் திறந்தால் அது வண்டிக்குள் வரும், உள்ளே இருக்கிற நாலு பேருக்கும் மூச்சு முட்டும். அந்த வீக்கம் ஒரு காலி அறை. குண்டு போகும்போது அதற்குள் அழுத்தத்தோடு புகுந்த காற்று, குண்டு போனபின் முன்பக்கமாகப் பீய்ச்சி, உள்ளே நிற்கும் புகையையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். "அழகுக்கு வச்சதுன்னு நெனைக்காதே. இந்த வண்டியில அழகுக்கு ஒண்ணும் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒவ்வொண்ணையும் மாட்டுன ஒரு கை உண்டு." நூல் சுற்றிப் பசை தடவி அந்த வீக்கத்தைச் செய்தேன்.

போல்ட் தலைகளுக்குக் கடுகை ஒட்டினேன். சித்தப்பா சிரித்துவிட்டார். "35ஆல் பெருக்கிப் பாரு மக்களே. இது போல்ட்டா, கலயமா?" கடுகு இரண்டு மில்லி. நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும். அம்மை எங்கேயோ போய் ஒரு பிடி கசகசா வாங்கிவந்தாள். அது ஒரு மில்லிக்கும் குறைவு. ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினேன். இழுவைக் கம்பிக்கு மின்சார வயரின் செப்பு இழைகளை மூன்றாகப் பின்னினேன். பற்றவைத்த தழும்புக்கு நூலைப் பசையில் நனைத்து மூலையில் பதித்து, நகத்தால் வரிவரியாக அழுத்தினேன். சக்கரத்துக்கு ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி. சங்கிலிக்குச் சைக்கிள் டியூப். இருபது நாள். சித்தப்பா ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை. சொல்லுவார், பார்ப்பார், பிய்க்கச் சொல்லுவார், அவ்வளவுதான்.

பொருட்காட்சி நாளைக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"லேய், இது ஆசாரி வேலையில்லா? யாருட்ட வாங்கின?"

"நான்தான் சார் செஞ்சேன்."

"பொய் சொல்லாதே."

"சித்தப்பா சொல்லித் தந்தாரு சார்."

"ஒஞ் சித்தப்பனுக்கு இது எங்கின தெரியும்?"

அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் டாங்கி நல்ல இடத்தில்தான் இருந்தது. மற்ற எல்லாப் பொருளுக்கும் முன்னால் செய்த பையனின் பேர் எழுதிய அட்டை. என் டாங்கிக்கு முன்னால் 'எட்டாம் வகுப்பு மாணவர்கள்' என்று எழுதியிருந்தது. விளக்கம் சொல்ல வேறொரு பையனை நிறுத்தியிருந்தார்கள். நல்ல சட்டை போட்ட பையன். என்னைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அல்ல, வாசலில் பெஞ்சு தூக்கும் இடத்தில் நிற்கச் சொன்னார்கள். குடத்துக்குப் பக்கத்தில் ஏன் நிறுத்தவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த கால்சட்டை. அட்டையைப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம், "தம்பி, குழல்ல நடுவுல இந்த வீக்கம் எதுக்கு?" என்று மரியாதையாகக் கேட்டார். பையன் முழித்தான். வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியாருக்கும் தெரியவில்லை. வாசலில் பெஞ்சோடு நின்ற நான் சத்தமாகச் சொன்னேன். புகை, காலி அறை, அழுத்தம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வாத்தியார் "செரி செரி, பெஞ்ச உள்ள போடு" என்றார். பரிசு எரிமலைக்குக் கிடைத்தது.

திரும்பிப் போகும்போது சித்தப்பா கோட்டை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். சரிவுப் பாதையில் ஏறி மேலே உட்கார்ந்தோம். நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "பேரு போட்டாவளா இல்லியாங்கது வேற. அதுல எங்க என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், அத யோசி" என்றார். அப்போது அது எனக்குப் போதவில்லை. உண்மையைச் சொன்னால் இப்போதும் முழுசாகப் போதவில்லை. பேரும் வேண்டும்.

பட்டாளத்தில் சாதி இல்லையா என்று கேட்டிருக்கிறேன். "இல்லேன்னு சொல்லுவானுவ. ஊரக் கேப்பான், பேரக் கேப்பான், கடைசில அப்பனுக்கு என்ன வேலைன்னு கேப்பான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி நின்னுபோச்சுன்னா எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்." விஜயந்தாவின் இன்ஜின் லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொன்றிலும் இரண்டு எதிரெதிராக வந்து முட்டுகிற மாதிரி. எந்த எண்ணெயிலும் ஓட வேண்டும் என்று செய்தது. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலேயே படாதபாடு படுத்திய இன்ஜின். நம்ம வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் சித்தப்பாவுக்கு வேலை ஓய்ந்ததில்லை.

பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்ல வேண்டும். சித்தப்பா முதல் ஆள் என்பது எங்க தெருவுக்குத்தான். நம்ம சனத்துக்கு அவர் முதல் ஆள் இல்லை. 1780இல் சென்னையில் தொடங்கிய பயனியர் கம்பெனிகள்தான் பிறகு மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையாயின. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, மதிலை உடைப்பது. அந்தப் படையில் பறையர் ஏராளம் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையிலும் இருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் மகர்கள் இருந்தார்கள்; 1818 ஜனவரி முதல் தேதி கோரேகானில் செத்தவர்களின் பேர்கள் தூணில் இருக்கின்றன. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார். அப்புறம் வெள்ளைக்காரனுக்கு 'போர்க்குணம் உள்ள சாதி' என்று ஒரு தத்துவம் முளைத்தது. யார் வீரன், யார் வீரன் இல்லை என்று சாதிவாரியாகப் பட்டியல் போட்டான். நம்ம மனு போட்ட பட்டியலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மகர்களை எடுப்பதை 1890களில் நிறுத்தினான். தென்னாட்டு ஆட்களைக் குறைத்தான். உலகப்போரில் ஆள் பற்றாமல் போனபோது ஞாபகம் வந்தது. 1941இல் மகர் ரெஜிமென்ட். 1943இல் சமார் ரெஜிமென்ட். போர் முடிந்ததும் 1946இல் அதைக் கலைத்தாகிவிட்டது. வேலை இருந்தால் வீரன், வேலை முடிந்தால் தீண்டத்தகாதவன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பட்டியல் முழுசாகக் கிழியவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு மூன்று வகுப்பாரிலிருந்து மட்டும் ஆள் எடுப்பது நீதிமன்றம் வரைக்கும் போன விசயம். குதிரை மேல் உட்காருகிறவன் யார், குதிரைக்கு லாடம் அடிக்கிறவன் யார் என்பதில் நாடு ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த பிறகு மறுபடியும் டாங்கி செய்ய ஆரம்பித்தேன். இதை ஒரு கலையாகவே செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜப்பானில் தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பான்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் பொம்மையைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் செய்தபோது அது 35இல் ஒரு பங்காக அமைந்துவிட்டது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. சித்தப்பா மணலில் போட்ட கணக்குக்குப் பின்னால் ஒரு பேட்டரி இருந்திருக்கிறது.

பெட்டியில் பாகங்கள் வரும். ஒட்டினால் வண்டி. ஆனால் பெட்டியில் எல்லாம் வராது. கைப்பிடியைத் தனியாகத் தராமல் தகட்டோடு தகடாக வார்த்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கம்பியை வளைத்து மாட்ட வேண்டும். கருவிப்பெட்டிக்குக் கொண்டி, விளக்குக்குப் போகிற வயர், தார்ப்பாயைக் கட்டுகிற வார், தேய்ந்த படி, இதையெல்லாம் ஒன்றுமில்லாததிலிருந்து நாமே செய்து சேர்ப்பதுதான் இதில் பெரிய வேலை. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி இளகும்போது இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி மாதிரி நூல் வரும். அதுதான் ஏரியல். பற்றவைத்த தழும்புக்கு இப்போது புட்டியை உருட்டி ஒட்டுகிறேன், நகத்தால்தான் அழுத்துகிறேன். எனக்குக் கடையில் விஜயந்தா கிடைக்கவில்லை. ஹிட்லரின் டாங்கிகளில் பத்து வகை அடுக்கியிருந்தது. அதனால் முழுவண்டியையும் கையாலேயே செய்தேன். விஜயந்தா இப்போது படையில் இல்லை. நாட்டில் பல சந்திகளில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அப்படி நின்ற ஒன்றை முழம் போட்டு அளந்து, காவலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அப்புறம் மனித உருவம். வண்டிகளோடு வரும் சிறு மனிதர்கள் எப்போதும் மேலேதான் இருப்பார்கள். கமாண்டர், கழுத்தில் பைனாகுலர், கை நீட்டி எங்கேயோ காட்டுவார். கீழே யாரும் இல்லை. வண்டி தானே ஓடி, தானே நின்று, தானே சரியாகும் போலிருக்கிறது. பெயின்ட்டில் இன்னொன்று. 'தோல் நிறம்' என்று எழுதிய புட்டியைத் திறந்தால் இளஞ்சிவப்பாக இருக்கிறது. அது வெள்ளைக்காரன் தோல். நம்ம தோலுக்குப் புட்டி இல்லை. விளக்குக்குக் கீழே என் முழங்கையை வைத்துக்கொண்டு, காவிச்சிவப்பும் தவிட்டு நிறமும் கறுப்பும் கொஞ்சம் மஞ்சளும் கலந்தேன். ஆறு தடவை தப்பியது. ஏழாவது தடவை கையில் ஒரு சொட்டு வைத்தேன், அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

அந்த நிறத்தில் ஒரு ஆளைச் செய்தேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது இரண்டு கால், கிரீஸ் படிந்த கால்சட்டை, தேய்ந்த பூட்ஸ் அடி. பக்கத்தில் விரித்த சாக்கு, மேலே ஸ்பேனர்கள். வண்டியின் அடித்தட்டையும் விடவில்லை. மூடிகள், போல்ட்டுகள், எண்ணெய் ஒழுகிய கறை. சித்தப்பா சொன்ன வரிசையில் செய்தேன். எந்தப் படத்திலும் அது கிடையாது.

பொம்மை வண்டி செய்கிறவர்கள் கூடுகிற ஒரு இடத்துக்கு அதைக் கொண்டுபோனேன். நல்ல மனிதர்கள்தான், வேலையைப் பாராட்டினார்கள். ஒருவர் கேட்டார், "அடியில் செய்ததை யார் பார்க்கப் போகிறார்கள்?" இன்னொருவர், "அந்தக் காலை எடுத்துவிட்டு மேலே ஒரு கமாண்டரை வைத்தால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு எட்டாம் வகுப்பு வாசல் ஞாபகம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வண்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்தப்பா ஓய்வுபெற்று வந்து பம்புசெட், மோட்டார் பழுதுபார்த்தார். தோப்புக்காரர்கள் கூப்பிடுவார்கள். கிணற்றடி மோட்டாரைப் பிரித்து மாட்டுவார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அதே கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் எடுத்து உயரமாகப் பிடித்துக் கையில் ஊற்றுவார்கள். மோட்டாரைத் தொட்ட கை, செம்பைத் தொடக் கூடாது. "இரும்புக்குத் தீட்டு இல்ல போலிருக்கு" என்பார்.

அவர் அடிக்கடி சொல்லுகிற கதை ஒன்று உண்டு. பஞ்சாபில் ஒரு பயிற்சியின்போது டாங்கி சேற்றில் இறங்கிவிட்டது. 40 டன். இழுக்க வேறு வண்டி வந்தது. "எல்லாரும் இழுக்குத வண்டியப் பாப்பான். கம்பிய யாரு மாட்டுனான்னு பாக்கமாட்டான். கழுத்து வரைக்கும் சேத்துல முங்கி, கண்ணு தெரியாம, கையால தடவிக் கொக்கிய மாட்டணும். கம்பி அறுந்துதுன்னா ஆளு ரெண்டு துண்டு." மாட்டினவர் அவர். வண்டி வெளியே வந்ததும் எல்லாரும் கைதட்டினார்களாம். அவர் தண்ணீர் தேடிப் போய்விட்டாராம், மூக்கெல்லாம் சேறு.

1997 ஐப்பசியில் செத்தார். அடைமழை. சுடுகாட்டுக்கு நல்ல ரோடு உண்டு. ஆனால் அது ஒரு தெரு வழியாகப் போகும். அந்தத் தெருவில் எங்க பிணம் போனதில்லை. பட்டாளத்துக்காரர், அரசாங்கப் பென்ஷன் வாங்கினவர், மெடல் இருக்கிறது என்று அப்பா போய்ப் பேசிப்பார்த்தார். "எல்லாம் சரிதான், வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார்கள். நாங்கள் இளவட்டங்கள் ரோடு வழியாகத்தான் போவோம் என்று நின்றோம். அம்மைமார் காலில் விழாத குறையாகத் தடுத்தார்கள். நாளைக்கு அந்தத் தோப்புகளில்தான் வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் வயல் வழியாகவே தூக்கினோம். வரப்பு கரைந்து கிடந்தது. முழங்கால் வரை சேறு. பாடைக்கு முன்கால் பிடித்தவன் நான். ஒரு இடத்தில் கால் புதைந்து எடுக்க முடியாமல் நின்றேன். 40 டன் வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்தவரைச் சேற்றில் வைத்துக்கொண்டு நின்றேன். கொக்கி மாட்ட ஆளில்லை. பின்னால் வந்தவர்கள் என் தொடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு ரோட்டு வழியாகப் போகாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சங்கம் வைத்தோம், மனு கொடுத்தோம், மறியல் செய்தோம். நான்கு வருசம் கழித்து அந்த ரோட்டில் எங்க சாவு போனது. அது வேறு கட்டுரை.

தோழரே, நான் செய்வது அரசாங்கத்தின் டாங்கி என்று சொன்னீர்கள். அந்த வண்டி யாருக்கு எதிராகத் திரும்பும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு நான் கொடி பிடிக்கவில்லை. சித்தப்பாவும் பிடித்ததில்லை. ஆனால் கோட்டையை டிலனாய் பேரிலும் வண்டியைக் கமாண்டர் பேரிலும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு முன்னால், கல்லுக்கு அடியிலும் இரும்புக்கு அடியிலும் கிடந்தவனை நாமும் விட்டுவிட்டால் வேறு யார் செய்வார்கள்? ஆயுதம் வேண்டாம் என்று சொல்லுவோம். அந்தக் கைக்குத் தெரிந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. நம்ம ஆட்களுக்கு வேலை தெரியும் என்பதையே நூறு வாசலில் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நான் நிரூபிப்பதை விட்டுவிட்டேன். செய்கிறேன், அவ்வளவுதான். இந்த வண்டிக்கு முன்னால் ஒரு அட்டை இருக்கிறது. அதில் செய்தவன் பேர் என் பேர். கீழே, சொல்லித்தந்தவர் என்று சித்தப்பா பேர்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு என் மகள் மேசைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்தத் தாத்தாவுக்குக் காலு மட்டும்தானா? மொகம் செய்யலியா?" என்று கேட்டாள்.

"செஞ்சிருக்கேன் மக்களே. வண்டியத் தூக்கிப் பாரு."

இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினாள்.